தெகினே தாண்டியாச்சா

மெண்டாரு விமான நிலையத்துக்குள் வர ஒரே வழிதான், வெளியே போகவும் அதே வழிதான். சுற்றிலும் மலை, கிழக்கே மட்டும் ஒரு கணவாய். அதற்குள் ஒரு நேரத்தில் ஒரு விமானம்தான் இருக்கலாம். இரண்டு இருந்தால் ஒன்றுக்கொன்று ஒதுங்க இடம் கிடையாது. இதைப் பார்த்துக்கொள்ளத்தான் சம்பளம் கொடுத்து சியூனேயை டவரில் உட்கார வைத்திருந்தார்கள்.

டவர் என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துவிட வேண்டாம். நாலு கால் வைத்த தகரக் கொட்டகை, சுற்றிலும் கண்ணாடி, ஒரு மைக், ஒரு கடிகாரம், ஒரு பைனாகுலர். ராடார் வாங்கித் தருகிறோம் என்று தலைநகர் மோர்ஸ்பியிலிருந்து வருகிற ஒவ்வொரு பெரிய மனிதரும் சொல்லிவிட்டுப் போவார், போனவர் போனவர்தான். கணவாய் டவருக்குத் தெரியாது, குறுக்கே ஒரு குன்று மறைக்கும். உள்ளே யார் எங்கே இருக்கிறார் என்பது பைலட் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. கணவாயின் வெளி வாசலில் நுழையும்போது ஒரு தடவை சொல்ல வேண்டும். உள் வாசலில் நிற்கிற பாறை முகட்டைத் தாண்டியதும் இன்னொரு தடவை. இந்த இரண்டாவது சொல் காதில் விழாமல் கண்ட்ரோலர் வேறு யாரையும் கணவாய்க்குள் விடக்கூடாது. அது விதி. அந்த விதியில் எந்தக் குறையும் கிடையாது.

அந்த முகட்டின் பெயர் தெகினே. நமக்குத் தடையில்லை, சொல்லிவிடலாம். சியூனேயின் அப்பா பெயரும் அதுதான். அந்த முகட்டடியில் பிறந்தவர் என்பதால் அப்படி வைத்தார்கள். மாமனார் பெயரை மருமகன் வாயால் சொல்வது மெண்டாருவில் நடக்காத காரியம். மாமனார் பெயர் மலைக்கு இருந்தாலும், மரத்துக்கு இருந்தாலும், அந்தப் பெயர் அவன் வாயில் வரக்கூடாது. சியூனேயின் தங்கையைக் கட்டிய கெரோவாவோ பைலட். எந்த முகட்டின் பெயரை நாளுக்கு நாலு தடவை சொல்ல வேண்டுமோ, அதையே சொல்ல முடியாத பைலட்!

இதற்கு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கெரோவா வாசலில் நுழைந்து கொஞ்ச நேரம் ஆனதும் சியூனே மைக்கில் கேட்பான்: "மாப்ள, தெகினே தாண்டியாச்சா?" அந்தப் பக்கத்திலிருந்து "தாண்டியாச்சு மச்சான்" என்று வரும். மகன் அப்பா பெயரைச் சொல்லலாம், குற்றமில்லை. ஒரு தடவை மோர்ஸ்பியிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "என்னய்யா இது, மாப்ள மச்சான்னு? கல்யாண வீடா இது?" என்று கத்தினார். கத்தி என்ன? அவர் மறுநாள் போய்விட்டார். கேள்வியும் பதிலும் வருஷக்கணக்கில் நடந்தன. ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

அப்பா செத்துப்போனது கடற்கரைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில். உடலைக் கொண்டுவர கெரோவா தன் கம்பெனி விமானத்தையே கேட்டு வாங்கிப் போயிருந்தான். பின் இருக்கைகளைக் கழற்றி அங்கே சவப்பெட்டியை வைத்து, பக்கத்து இருக்கையில் மாமியாரை உட்கார வைத்து, காலையில் கிளம்பிவிட்டான் என்று தகவல் வந்தது. அன்றைக்கு டவரில் இருக்க வேண்டியவன் மலேரியாவில் படுத்துக் கிடந்தான். நிலையத்தை மூடிவிடலாமா என்று மேனேஜர் கேட்டார்.

"மூடினா அப்பா எப்படி வருவார்? நானே ஏறுறேன். எங்க அப்பாவ நான்தான் எறக்கணும்" என்றான் சியூனே. சொல்லும்போது அவனுக்குத் துக்கத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை மறைப்பானேன்?

முகத்தில் துக்க மண்ணைப் பூசிக்கொண்டு படியேறப் போனவனைச் சித்தப்பா மோண்டோ கையைப் பிடித்து நிறுத்தினார். அப்பாவுக்கு இளையவர், இனி குலத்தில் பெரியவர் அவர்தான். வேலிக்கு வெளியே குலமே கூடியிருந்தது. ஆணும் பெண்ணும் மண் பூசிய முகத்தோடு, சரக்கு ஆபீஸ் வராந்தாவில் கட்டியிருந்த ஒலிபெருக்கிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எந்த விமானம் வருகிறதென்று சுமை தூக்குகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று மாட்டி வைத்த பெட்டி அது. டவரில் பேசுவதெல்லாம் அதில் ஊருக்கே கேட்கும்.

"டேய், ஞாபகம் வச்சுக்க" என்றார் சித்தப்பா. "மண்ணுக்குள்ள வைக்கிற வரைக்கும் அவர் பேரு யார் வாயிலயும் வரக்கூடாது. ஒன் வாயிலயும்தான். தூக்கிட்டு வர்றவன எங்க வந்துட்டேன்னு வழி விசாரிக்கவும் கூடாது. விசாரிச்சா அவர் வழியிலயே திரும்பி நின்னுருவார். ஒருத்தரக் கூடக் கூட்டிக்கிட்டுத்தான் போவார்."

"சித்தப்பா, அதக் கேக்குறதுதான் என் வேலையே."

"ஒரு நாளு கேக்கலன்னா ஒன் வேலை போயிருமா? வர்றவன் ஒன் தங்கச்சி புருஷன். அவனுக்கு வழி தெரியாதா? பொறுத்து இரு, அவனே வருவான்."

சியூனே யோசித்தான். தெகினேவைத் தாண்டி ரெண்டு நிமிஷத்தில் ஆற்று வளைவு வரும்; அது டவரிலிருந்து கண்ணுக்கே தெரியும். வளைவில் விமானத்தைக் கண்ணால் பார்க்கிற வரை யாரையும் வெளியே விடாமல் இருந்தால் போதும். கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். நல்ல யோசனைதான். அதன்படி நடந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

"சரி சித்தப்பா" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினான்.

கீழே படியருகில் ஒரு மூட்டை பச்சைப் பாக்கு இருந்தது. மொரேயா அதிகாலையில் இறங்கியதும் கொண்டுவந்து வைத்தது. மொரேயா கடற்கரைக்காரன், இன்னொரு கம்பெனியின் பைலட். மலையில் பாக்கு விளையாது. அதனால் வருகிறபோதெல்லாம் சியூனேக்கு ஒரு பை கொண்டுவருவான். காசு கொடுத்தால் வாங்க மாட்டான். "மலைக்காரன் கிட்ட காசு வாங்கினா அதப் பன்றியாத் திருப்பித் தரச் சொல்வான், வேணாம்பா" என்று சிரிப்பான். இன்றைக்குப் பை இல்லை, மூட்டை. துக்கத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஆகட்டும் என்று சொல்லி வைத்துவிட்டுப் போயிருந்தான்.

காலை ஏற ஏற மேகமும் ஏறியது. மெண்டாருவில் தினமும் நடப்பதுதான். உச்சிப் பொழுதுக்குள் கணவாய் மூடிக்கொள்ளும், அப்புறம் மறுநாள்தான். காப்பி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மொரேயா ஓடுதளத்தின் முனையில் வந்து நின்றான்.

"டவர், மொரேயா. ரெடி. கிழக்கே போகணும்."

"நில்லு மொரேயா. எதிர்ல ஆள் வருது."

"கெரோவாவா? எங்க இருக்காரு?"

"வாசல்ல நுழைஞ்சுட்டாப்ல. இப்பதான் சொன்னாப்ல."

அது உண்மை. கெரோவா வெளி வாசலில் நுழைந்ததைச் சொல்லியிருந்தான். அழுது கம்மிப்போன குரல். வாசலின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். சியூனே கடிகாரத்தைப் பார்த்தான். வாசலிலிருந்து தெகினேவுக்கு நாலு நிமிஷம். எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்த நாலு நிமிஷம்.

அவனுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. கணவாய்க்குள் பக்கவாட்டில் ஒரு சின்னப் பள்ளத்தாக்கு. அதில்தான் அப்பாவின் ஊர். விமானம் அதன் அருகே வந்தபோது அம்மா கெரோவாவின் கையைத் தொட்டாள். மாமியார் மருமகன் கையைத் தொடுவதாவது! தொட்டாள். "கடைசியா ஒரு தடவ அவர் வீட்டக் காட்டிட்டுப் போயிடு" என்றாள். கெரோவாவால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. தாழ இறங்கி ஊருக்கு மேலே ஒரு வட்டம் அடித்தான். அவ்வளவு தாழப் போனால் மலை மறைத்துக்கொள்ளும். வானொலியில் எதுவும் கேட்காது, சொன்னாலும் போய்ச் சேராது. அவன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. எப்படியும் முகட்டைத் தாண்டியாச்சா என்று மச்சான் கேட்பான். கேட்காமல் யாரையும் உள்ளே விடமாட்டான். என்றைக்காவது விட்டிருக்கிறானா?

நாலு நிமிஷம் முடிந்தது. சியூனேயின் விரல் மைக் பொத்தான் மேல் போய்த் திரும்பியது. கீழே சித்தப்பா அண்ணாந்து டவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மேகம் எறங்குதுண்ணே" என்றான் மொரேயா. "இன்னும் கொஞ்ச நேரம் நின்னா நான் இன்னைக்கு ஒங்க ஊர்லதான் படுக்கணும். ஒங்க ஊரு குளிருக்கு நான் செத்தே போயிருவேன். ஒரே நாள்ல ஒனக்கு ரெண்டு சாவு."

"வாயக் கழுவுடா."

"வெளிய வந்துட்டாரான்னு கேளேன் அவர."

சியூனே பைனாகுலரை எடுத்து ஆற்று வளைவைப் பார்த்தான். அங்கேயும் மேகம் துண்டு துண்டாக இறங்கியிருந்தது. ஒரு வெள்ளைத் துண்டுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஏதோ மின்னியது. தண்ணீராகவும் இருக்கலாம், இறக்கையாகவும் இருக்கலாம்.

அந்த நேரம் பார்த்து வேலியோரம் ஒரு கிழவி எழுந்து நின்று கையைக் காதில் வைத்தாள். "சத்தம் கேக்குது! வந்துட்டாரு! எங்க அண்ணன் வந்துட்டாரு!" என்று ஓலமிட்டாள். அவ்வளவுதான், குலம் முழுக்க எழுந்து நின்று ஓவென்று அழுதது. சத்தம் கேட்டது உண்மைதான். பள்ளத்தாக்குக்குள் சுற்றுகிற எஞ்சின் சத்தத்தைக் கணவாய்ச் சுவர் வாங்கி இங்கே அனுப்பிக்கொண்டிருந்தது. அழுகிறவர்களுக்கு அது தெரியுமா? சியூனேக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்தொன்பது வருஷ வேலை. தெரிந்திருக்க வேண்டும்! ஆனால் அழுவது அவன் சொந்த ஜனம். வருவது அவன் அப்பா. அவன் கண்ணும் நிறைந்துவிட்டது.

"அண்ணே? கெரோவா வெளிய வந்தாச்சா?"

"வந்தாச்சு" என்றான் சியூனே. "கிளம்பு. பாத்துப் போ."

"தேங்க்ஸ்ணே. அப்பாவுக்கு என் கும்பிடையும் சொல்லிரு."

விமானம் ஓடி, எழும்பி, கிழக்கே திரும்பி, குன்றுக்குப் பின்னால் மறைந்தது.

சியூனே ஆற்று வளைவைப் பார்த்தான். ஒன்றும் இல்லை. மேகத் துண்டு விலகியது. மின்னியது தண்ணீர். வேலியோரத்தில் ஒவ்வொருவராக அழுகையை நிறுத்தினார்கள். "எங்க? காணோமே" என்று யாரோ கேட்பது மேலே வரை கேட்டது.

அப்போது வானொலியில் கெரோவாவின் குரல் வந்தது.

"மச்சான். லேட்டாயிருச்சு. அத்தை கேட்டாங்கன்னு ஊருக்கு மேல ஒரு சுத்து சுத்தினேன். இப்பதான் மேல ஏறி வந்து..."

அங்கே நின்றுவிட்டது. சியூனே மைக்கைப் பிடித்தான்.

"மாப்ள, எங்க இருக்க?"

வேலியோரம் ஒரு சலசலப்பு. வழியை விசாரித்துவிட்டான். சித்தப்பா இரண்டு கையையும் தூக்கி வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். கெரோவாவிடமிருந்து எஞ்சின் இரைச்சல் மட்டும் வந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் அந்தப் பெயருக்குரியவரின் மனைவி, பின்னால் அந்தப் பெயருக்குரியவர், வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான் பாவி. அவன் பொத்தானை அழுத்தியிருக்கிற வரை வேறு யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. அந்த மூச்சு முட்டுகிற நேரம் எவ்வளவு என்று பிறகு டவர் பேச்சைப் பதிவு செய்த டேப்பைப் போட்டுப் பார்த்து அளந்தார்கள். அளந்து என்ன செய்ய?

கெரோவா பொத்தானை விட்டதும், அவன் வாயில் வராத இடம் எது என்று தெரிந்த சியூனே கத்தினான்.

"மொரேயா! எதிர்ல ஆளு! தெகினேகிட்ட! தெகினே, தெகினே, ஒனக்கு நேர் எதிர்ல! வலது பக்கம் ஒதுங்கு! மாப்ள, நீயும் வலது பக்கம் ஒதுங்கு!"

ஒலிபெருக்கிப் பெட்டி அதை ஊருக்கே சொன்னது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு தரையில் குனிந்தார்கள். சித்தப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கண்ணே? வெள்ளையா இருக்கு, ஒண்ணும் தெரிய—ஐயோ, இதோ—"

மொரேயாவின் குரல் அங்கே நின்றது.

"மொரேயா?"

சியூனே பொத்தானை மறுபடி அழுத்தினான்.

"மொரேயா, டவர் பேசுறேன். எங்க இருக்க? மொரேயா."

ஆற்று வளைவில் மேகத்தைக் கிழித்துக்கொண்டு கெரோவாவின் விமானம் வந்தது. அவன் குரல் வேறு யாருடைய குரலோபோல இருந்தது. "மச்சான், ஒரு விமானம் எனக்கு மேலயே போச்சு. வயித்தப் பாத்தேன் மச்சான். மேகத்துக்குள்ள பாறைப் பக்கமா திரும்பிருச்சு. ஏன் உள்ள விட்ட? ஏன் விட்ட மச்சான்?"

சியூனே அவனை இறக்கினான். காற்றைச் சொன்னான், ஓடுதளம் காலி என்று சொன்னான். வாய் பழக்கத்தில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னது. அப்பா இறங்கினார். அதன்பிறகு மோர்ஸ்பிக்குப் போன் போட்டுத் தேடுதலுக்கு ஆள் கேட்டான். ஹெலிகாப்டர் கிளம்புவதாகச் சொன்னார்கள். அது வந்து சேருகிற வரைக்கும் மைக்கில் மொரேயாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நடுவில் ஒரு தடவை மட்டும் கீழே வந்தான்.

சவப்பெட்டியை வராந்தாவில் இறக்கி வைத்திருந்தார்கள். கெரோவா அதன் பக்கத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். சியூனேயைப் பார்த்ததும் எழுந்தான்.

"நீ கேப்பேன்னு நெனச்சேன் மச்சான். எப்பவும் கேப்பியே."

அவன் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சியூனேக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அம்மா பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு, "நான்தான்டா சுத்தச் சொன்னேன். நான்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சித்தப்பா நடுவில் வந்து நின்றார். அவர் முகத்தில் மண் காய்ந்து வெடித்திருந்தது.

"யாரும் ஒண்ணும் பண்ணல" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "இவன் வழி விசாரிச்சான், பேரச் சொன்னான். அவர் திரும்பி நின்னுட்டார். பக்கத்துல போன ஒருத்தனக் கூட்டிக்கிட்டார். அவ்வளவுதான் நடந்தது. கடற்கரைக்காரங்களுக்கு அந்த உசுருக்கு ஈடா பன்றியோ பணமோ குலமே சேந்து குடுப்போம். டேய் சியூனே, மோர்ஸ்பிக்காரன் வந்து கேட்டா நாங்க இருக்கோம். நீ பயப்படாத."

சுற்றி இருந்தவர்கள் தலையசைத்தார்கள். அன்பாகத்தான் அசைத்தார்கள். ஒருத்தி அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். சாய்ந்துகொள்ளத் தோதான இடம்தான். சாய்ந்திருந்தால் சாகும்வரை அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

"இல்ல சித்தப்பா" என்றான் சியூனே. "பேரச் சொன்னதால அவன் சாகல. சொல்லாததால செத்தான். நாலு நிமிஷத்துல சொல்லியிருக்கணும். வந்தாச்சான்னு கேட்டான், வந்தாச்சுன்னு சொன்னேன். பொய் சொன்னேன். அப்பா யாரையும் கூட்டிக்கிட்டுப் போகல."

"வாய மூடுடா. ஒன் அப்பன் பொணம் கெடக்கு."

"தெரியும்."

யாரோ மொரேயாவின் மூட்டையை அவிழ்த்திருந்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் அந்தப் பாக்கைத்தான் மென்றுகொண்டிருந்தார்கள். யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. சியூனே ஒரு காயைக் கையில் எடுத்தான், பிறகு திரும்ப வைத்துவிட்டு மேலே போனான். மாற்று ஆள் இல்லை.

பிற்பகலில் மேகம் கொஞ்சம் தூக்கிக்கொண்டது. ஹெலிகாப்டர் வெளி வாசலில் நின்று கூப்பிட்டது.

"மெண்டாரு டவர், உள்ள வர்றோம். எங்கேருந்து தேடணும்?"

கீழே எல்லோரும் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார்கள். சியூனே பொத்தானை அழுத்தினான்.

"தெகினேவிலருந்து" என்றான். "தெகினேவுக்கு மேக்க, மேல் சரிவு. தெகினே தாண்டினதும் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "தெகினே தாண்டியாச்சு" என்று பதில் வந்தது. பிறகு மறுபடி சுற்றிவந்து மறுபடி சொன்னார்கள். பொழுது சாயும்வரை அந்த ஒலிபெருக்கி அப்பாவின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தது. அப்பா பக்கத்திலேயே கிடந்தார், இன்னும் மண்ணுக்குள் போகவில்லை. யாரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.